பில் இல்லாத கம்ப்யூட்டர்

கடைக்குள் நுழைந்ததும் லிப்ட்காரர் செய்த முதல் காரியம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டதுதான். மனுஷன் இருபது வருஷத்துக்கு மேலாக லிப்ட் குழியில் இறங்கி எண்ணெயும் கிரீஸுமாகப் புரளுகிறவர். பத்தாவது மாடி உயரத்தில் தொங்குகிற பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடிக்கிறவர். அப்பேர்ப்பட்டவருக்கு மேஜைமேல் சும்மா திறந்து வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கண்டு பயம். விரல் பட்டு ஏதாவது ஆகித் தொலைந்தால் யார் கொடுப்பது?

கூட வந்தது மகள். கட்டடக்கலைப் படிப்பு, கடைசி வருஷம். அந்தப் படிப்பில் கட்டடத்தைத் தாளில் வரைந்து நீட்டினால் விடமாட்டார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, அது வழியாக வெயில் விழுகிறதுவரை செய்து, கடைசியில் அதற்குள் ஒரு ஆள் நடந்து போகிற மாதிரி படம் எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் நாலு சுவர்வரை தாங்கும், அஞ்சாவது சுவருக்கு உறைந்து நின்றுவிடும். காலேஜில் நல்ல மிஷின் மூன்றே மூன்று, வரிசையில் நிற்கிற பிள்ளைகளோ ஒரு வகுப்பு முழுக்க.

"தொட்டுப் பாருங்க சார்," என்றான் கறுப்பு பனியன் போட்ட விற்பனையாள்.

"பரவாயில்லப்பா. இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

அவன் விளக்கினான். உள்ளே இருக்கிற மெமரியெல்லாம் போர்டோடு ஒட்டியே வருமாம். பின்னால் சேர்க்க முடியாதாம். மகள் செய்கிற வேலைக்கு இப்போதே பெரிதாக எடுத்துவிட வேண்டுமாம்.

"இப்ப சின்னதா எடுத்துட்டு, கையில காசு வர்றப்ப கழட்டி மாத்திக்கிட்டா?"

"கழட்டவே முடியாது சார். நாம திறக்கிற மாதிரியே செய்யல."

கழட்ட முடியாத சாமானை லிப்ட்காரர் வாழ்க்கையில் நம்பியதில்லை. விலைச் சீட்டைக் குனிந்து பார்த்தார். கீழ்ப்படியில் ஒரு விலை, அடுத்த படிக்கு ஒரு விலை. இரண்டு படிக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்திலேயே ஊரில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரை முழுசாக வாங்கிவிடலாம். மகளுக்கு வேண்டியதோ மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தது. ஆனை விலை குதிரை விலை என்று சொல்வோமே, இது ஆனையையும் குதிரையையும் லாயத்தோடு சேர்த்து வாங்குகிற விலை.

"வேண்டாம்பா," என்றாள் மகள் தெருவுக்கு வந்ததும். "நான் காலேஜ் லேப்லயே பாத்துக்கறேன்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடம் பிடித்திருந்தால் அவர் பேசாமல் இருந்திருப்பார். இப்படிச் சொல்லிவிட்டாளே. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றான் மச்சான். மனைவியின் தம்பி. உப்பிலிருந்து உரல்வரை எது வேண்டுமென்றாலும் "எனக்கு ஒரு ஆள் தெரியும்" என்கிற ஜாதி. இதற்கும் அவனுக்கு ஒரு ஆள் தெரிந்திருந்தது. அதே மிஷின், அதே மூன்றாவது படி, கடை விலையில் பாதி.

ஒரு ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து விற்றவன் கொடுத்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பில்லைக் கேட்டதற்கு, வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது என்றான். போகும்போது ஒரு யோசனையும் சொன்னான்: "இன்டர்நெட்ல மட்டும் போட்டுடாதீங்க. என்னென்னமோ ஏத்தி மிஷின ஸ்லோ பண்ணிடுவாங்க."

ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் மனைவியின் இரண்டு வளையலையும் விற்ற காசைத் தூக்கிக் கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும்தான் கோபம் வருகிறது. ஆனால் பாதி விலை என்று சொன்னால் காது அடைத்துக்கொள்கிறதே, என்ன செய்ய? அவருக்கு அப்போது கண்ணில் தெரிந்தது, "வேண்டாம்பா" என்று சொன்ன முகம் ஒன்றுதான்.

அப்புறம் அந்த வீட்டில் அது ராஜாவாக வாழ்ந்தது. மேலே ஒரு துண்டு, துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு. அது இருக்கிற அறைக்குள் தண்ணீர் டம்ளரோடு யாரும் வரக்கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள். தாகம் எடுத்தால் சமையலறைக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். இன்டர்நெட்டா, மூச்சு விடக்கூடாது. வயதானவர்களுக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன மாதிரி, விற்றவன் சொன்னதை அத்தனை பக்தியாகக் கடைப்பிடித்தார்கள். மகள் வேலை மடமடவென்று வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத் துணையாக வருகிறவர்கள் வராந்தாவில் சுருண்டு கிடக்கிறார்களே, அவர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி. அதைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம், காலேஜிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து போட்டிருந்த வரைகிற சாப்ட்வேர் அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லி அடம் பிடித்தது. இன்டர்நெட் இல்லாமல் அது நடக்காது. ஒரே நிமிஷம்தானே என்று மகள் தன் போனிலிருந்து இணைப்பைக் கொடுத்தாள்.

லிப்ட்காரர் வேலை முடிந்து வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேயறைந்த மாதிரி இருந்தாள். மேஜைமேல் மிஷின் கறுப்பாக விழித்துக்கொண்டிருந்தது, நடுவில் இரண்டு வரி: இந்தக் கம்ப்யூட்டர் தொலைந்துபோனது. கிடைத்தவர் இந்த நம்பருக்குக் கூப்பிடவும். கீழே ஒரு போன் நம்பர், ஆறு கட்டங்கள்.

அவர் முதலில் போய் ஜன்னலைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தி என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் சாத்தினார்.

"அணைச்சுப் போடு."

"அணைச்சுப் பாத்துட்டேன்பா. திரும்பத் திரும்ப இதான் வருது. இன்டர்நெட் கிடைச்சதும் பூட்டிட்டாங்க."

"நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியுமா?"

மகள் தன் போனிலிருந்த இணைப்பை அணைத்தாள். "இந்நேரம் சொல்லியிருக்கும்பா," என்றாள்.

திருட்டுச் சாமான். அந்த வார்த்தையை மூன்று பேரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி மெதுவாகப் போய் மிஷின் நெற்றியில் இருந்த கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினாள். அப்புறம் கம்பளியில் சுற்றி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி பூராவும் அவர்கள் பேசியதெல்லாம் கிசுகிசுப்புத்தான், அலமாரிக்குக் காது இருக்கிறது போல.

தெருவில் வண்டி ஒன்று வேகம் குறைந்தால் அவர் விளக்கை அணைத்துவிடுவார். பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டினால் இவர் எழுந்து நின்றுவிடுவார். தன்னை நினைத்து மட்டும் பயந்திருந்தால் சமாளித்திருப்பார். மகளின் ஒரு வருஷ உழைப்பும் அந்தப் பூட்டுக்குள் கிடந்தது. அவளிடம் இருந்த நகல் போன மாதத்தது, அதில் பாதிக் கட்டடத்துக்குக் கூரையே கிடையாது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் வருஷம் போச்சு. இன்னொரு வருஷத்துக்குப் பீஸ் கட்ட அந்த வீட்டில் இனி வளையல் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று போனார். யாருக்குச் சந்தேகம் என்று கேட்காதீர்கள். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் கீழ்த்தளத்துக் கதவைச் சரிசெய்து, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். நேராக அவரிடம்தான் வந்தார்கள்.

"என்னய்யா, லிப்ட் ஓடுமா?"

 "ஓடாதுங்க," என்று எப்படியோ சொன்னார். லிப்ட் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பாவம், ஆளுக்கு ஒரு தொப்பையை வைத்துக்கொண்டு அவர்கள் அஞ்சு மாடியும் படியேறினார்கள். இவர் மோட்டார் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவர்கள் இறங்கிப் போகிறவரை அங்கேயே கிடந்தார்.

சாயங்காலம் மச்சான் வந்தான். விஷயத்தைக் கேட்டு அவனுக்கு மூஞ்சி வெளுத்தாலும் வாய் மட்டும் குறையவில்லை. "எனக்கு ஒரு ஆள் தெரியும் மாமா," என்றான்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளாலதான்டா இங்க வந்து நிக்கிறோம்."

"இவன் வேற. பூட்டை உடைச்சு, உள்ள இருக்கறதெல்லாம் துடைச்சுட்டு, போர்டையும் மாத்திப் புதுசு பண்ணிக் குடுத்துடுவான். பாப்பா வேலை போயிடும்தான். மிஷினாவது மிஞ்சும்ல. அந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்கன்னா ரெண்டும் போயிடும். நீங்களும் உள்ள போயிடுவீங்க."

 மனைவியின் கண் தம்பி சொல்வது சரிதானே என்றது. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்ட் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டுதான் இறங்குவான். அந்தப் பூட்டை அவன் மட்டும்தான் திறக்கலாம். முதலாளி வந்து சொன்னாலும் சரி, குடியிருப்பவர்கள் கூடி நின்று கத்தினாலும் சரி, வேறொருவன் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டுவிட்டார்கள். பூட்டு மறந்துபோய்க் கிடக்கிறது என்று நினைத்து வாட்ச்மேன் வெட்டி எடுத்துவிட்டான். உள்ளே நெட்டையன் என்கிற கூட்டாளி இருந்தான். நெட்டையனுக்கு இப்போது வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்தக் கத்தல் லிப்ட்காரர் காதில் இன்னும் இருக்கிறது.

"அது இன்னொருத்தன் போட்ட பூட்டு," என்றார். "அவன்தான் திறக்கணும்."

"மாமா, இது லிப்ட் இல்ல."

"இல்லதான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நான் கூப்பிடப்போறேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, கூப்பிடுவதற்குச் சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டார். மணி அடித்தது. எடுத்தார்கள். ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி "யாரு?" என்றது.

"உங்க கம்ப்யூட்டர் எங்கிட்டதான் இருக்கு," என்றார் லிப்ட்காரர்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறதென்று அவருக்கு உறைத்தது. பிள்ளையைக் கடத்தி வைத்திருக்கிறவன் பேசுகிற தினுசில் இருந்தது. 

"எவ்வளவு வேணும்?" என்றது குரல்.

"ஒண்ணும் வேணாம். நீங்க வந்தா போதும்." இது முன்னதைவிட மோசமாக இருந்தது.

"தனியா வரணுமா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லங்க. நான் திருடன் இல்ல. நாங்க காசு குடுத்து வாங்கினோம். உள்ள எம் பொண்ணோட படிப்பு மாட்டிக்கிச்சு. நீங்க வந்து திறந்து விட்டீங்கன்னா எடுத்துக்கிட்டு, மிஷின உங்க கையில குடுத்துடறோம்." வீட்டு விலாசத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார். "போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்க சார்."

"போகமாட்டேன்," என்றது குரல், சட்டென்று. கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ஜன்னல் இடுக்கில் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒருத்தன் கரண்டு கம்பத்துக்கிட்ட ரொம்ப நேரமா நிக்கிறான்," என்றாள். லிப்ட்காரரும் பார்த்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முப்பது வயதுக்குள் ஒருத்தன். வீட்டைப் பார்ப்பான், போனைப் பார்ப்பான், நாலடி போவான், திரும்பி வருவான்.

"மப்டி போலீஸா இருக்கும் மாமா," என்றான் மச்சான், பின்வாசல் பக்கமாக நகர்ந்தபடி.

மூன்று பெரியவர்களும் கை கால் ஓடாமல் நிற்க, மகள்தான் கதவைத் திறந்துகொண்டு போனாள். போய் ஏதோ பேசி, கூட்டிக்கொண்டு வந்தாள். வாசற்படியில் நின்று அவன் முதலில் சொன்னது, "கதவைத் திறந்தே வைங்க சார்." சட்டையெல்லாம் வேர்வை. அப்போதுதான் லிப்ட்காரருக்குப் புரிந்தது, வந்தவன் இவர்களைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கிறான் என்று.

விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டித் தருகிற வேலை அவனுக்கு. ஆறு மாதத்துக்கு முன்னால், இரண்டு நாள் தூங்காமல் வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் கண் அசந்திருக்கிறான். விழித்தபோது மடியில் பை இல்லை. இதைச் சொல்லும்போது மேஜைமேல் இருந்த மிஷினைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

ஆறு கட்டத்திலும் எண்களைப் போட்டான். தப்பு. இன்னொரு தடவை போட்டான். தப்பு. மூன்றாவது தடவைக்கு மிஷின் பதினைந்து நிமிஷம் கழித்து வரச் சொல்லிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுல நின்னு, அழுதுக்கிட்டே ஃப்ரெண்டு போன்ல இருந்து இந்தப் பூட்டைப் போட்டேன் சார். என்ன நம்பர் போட்டேன்னு..." அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "ரொம்பத் தடவை தப்பாப் போனா எல்லாத்தையும் அதுவே அழிச்சிடும்."

மகள் உதட்டைக் கடித்தாள். அந்தப் பதினைந்து நிமிஷம் எப்படிப் போனது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாக்கா?" என்றான் வந்தவன். உயிர் போகிற அந்த நேரத்திலும் மனைவி, "சமையலறைக்கு வந்து குடிச்சுக்கோங்க தம்பி," என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் எழுந்து போய் அங்கேயே நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

வந்தவன் தன் போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடினான். "ஃப்ரெண்டு நம்பரோட கடைசி ஆறு. அதத்தான் போட்டிருப்பேன். அவன் போன் கையில இருந்துச்சு, வேற எதுவும் தோணியிருக்காது." போட்டிருப்பேன் என்றானே தவிர, விரலைக் கட்டத்தின்மேல் வைக்கவில்லை. மகளைப் பார்த்தான். "போடட்டா?"

"போடுங்க," என்றாள் அவள்.

திறந்துகொண்டது. கறுப்பு போய் மகளின் பெயர் வந்தது, அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டாள், விடுதி வந்தது. கூரையோடு, ஜன்னலோடு, படுக்கைகளோடு, ஜன்னல் வழியாக விழுகிற வெயிலோடு. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டாள்.

வந்தவன் மட்டும் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இடமாகத் திறந்தான், மூடினான். "என்னோடது ஒண்ணுமே இல்ல," என்றான் கடைசியில். விற்றவன் துடைத்துவிட்டுத்தான் விற்றிருக்கிறான். வந்தவன் செய்து முடித்து, காசு வாங்காமல் கிடந்த வேலைகள் அதில் இருந்தனவாம். அதெல்லாம் இருக்கும் என்றுதான் பயத்தை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். லிப்ட்காரருக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் தம்பி, அன்னைக்கே போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?" என்றாள் மனைவி. ஆறுதலாகத்தான் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பில்லு கேப்பாங்கக்கா. எங்கிட்டயும் பில்லு இல்ல. நானும் ஒருத்தர்கிட்ட பழசாத்தான் வாங்கினேன். கடையில வாங்க நம்மளால முடியுமா?"

 இத்தனை நாள் இவர்கள் எந்தப் போலீஸுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினார்களோ, அதே போலீஸுக்குப் பயந்து இவனும் கம்பத்தடியில் நின்றிருக்கிறான்.

மச்சானுக்குத்தான் முதலில் தெம்பு வந்தது. "அப்ப இது உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்களும் வாங்கினீங்க, எங்க மாமாவும் வாங்கினாரு. ரெண்டு பேருக்கும் பில்லு இல்ல. இப்ப எங்க வீட்டுல இருக்கு. நீங்க யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?"

வந்தவன் மிஷின்மேல் கையை வைத்தான்.  திறந்திருந்த கதவைப் பார்த்தான். மனைவியும் புருஷனைப் பார்த்தாள், வெறுங்கையைப் பிசைந்துகொண்டு. லிப்ட்காரருக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. பயந்தவன் ஒருத்தன், இவர்கள் பக்கம் நாலு பேர், கதவைச் சாத்தினால் முடிந்தது. அப்படித் தோன்றியதே என்று அடுத்த நிமிஷம் அவருக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது.

"நீ வாயை மூடிக்கிட்டு வெளிய போய் நில்லு," என்றார் மச்சானிடம். "அவர் நம்பரைப் போட்டாரு, அது திறந்துச்சு. எனக்கு அது போதும். தம்பி, எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்பா," என்றாள் மகள் மெல்ல.

விஷயம் இதுதான். வேலையைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் தீரவில்லை. அதைத் திறக்கிற வேறு மிஷின் அவளுக்கு இல்லை. கடைசிப் படத்தை இந்த மிஷின்தான் வடித்துத் தர வேண்டும். ரெண்டர் என்பார்கள். வெயிலையும் நிழலையும் அது ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு முடிக்கிறவரை யாரும் தொடக்கூடாது. பொழுது சாயும்வரை ஆகும்.

கேட்க அவருக்கு முகமே இல்லை. கேட்டார். "சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுமா தம்பி?"

அவன் நம்பலாமா என்று யோசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நாற்காலியை மிஷினுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இப்படி ஓட்டினா நாளைக்குக் காலையில கூட முடியாது. இந்த நிழலைக் கொஞ்சம் குறைம்மா. யாருக்கும் கண்ணுல படாது."

ஓடத் தொடங்கியது. நூற்றில் ஒன்று, நூற்றில் இரண்டு என்று எண் ஏறியது. மிஷின் சூடேறியதும் மனைவி மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டாள். மனுஷர்களெல்லாம் வேர்வையில் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட்டால் வந்தவன் எழுந்திருக்கவில்லை, தட்டை அந்த அறைக்கே கொண்டுவர அந்த வீட்டுச் சட்டம் முதல் தடவையாக இடம் கொடுத்தது. ஒரு தடவை எண்பதில் எண் அப்படியே நின்றுவிட்டது. வெளியே நின்ற மச்சானும் உள்ளே வந்துவிட, அஞ்சு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து எண்பத்தொன்று ஆனது. மச்சான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

வெயில் தாழ்ந்தபோது முடிந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு ஆள் விடுதிக்குள் நுழைந்து, வராந்தா வழியாக நடந்து, ஜன்னலோரப் படுக்கை ஒன்றின் பக்கத்தில் போய் நிற்கிறான், அவ்வளவுதான் படம். மகள் அதை மூன்று இடத்தில் நகல் எடுத்துக்கொண்டாள். அப்புறம் தன்னுடையதையெல்லாம் அழித்து, கேமராமேல் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்து, மிஷினை மூடி, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தாள்.

அவன் பைக்குள் வைத்தான். வாசல்வரை போனான். அங்கேயே நின்றான்.

"என்ன தம்பி, ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்லண்ணே." காலையிலிருந்து சார் என்றவன் இப்போதுதான் அண்ணே என்றான். "போன தடவை இதே நேரம்தான். இதத் தூக்கிக்கிட்டுத் தனியா பஸ் ஏற பயமா இருக்கு. ஸ்டாப் வரைக்கும் கூட வர்றீங்களா?"

லிப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருவில் இரண்டு பேரும் பையை நடுவில் விட்டுத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிரே வருகிற ஒவ்வொருத்தனும் திருடனாகத் தெரிந்தான் அவருக்கு. நாலு நாளாகத் தன்னையும் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். அவன் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இவரே ஏறிவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் கடைசி ஸ்டாப்புக்குச் சீட்டு வாங்கினான். பின்னால் இரண்டு இடம் காலியானது.

போன் வந்ததிலிருந்து அவன் கண்ணை மூடவில்லையாம். "நான் தூங்கிட்டா எழுப்பிடுங்கண்ணே," என்று சொல்லி வாய் மூடவில்லை, தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. பையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. லிப்ட்காரர் பையை மெதுவாகத் தன் மடிக்கு நகர்த்தினார், வாரைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அவனை எழுப்பவில்லை. கடைசி ஸ்டாப் வருகிறவரை பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பயத்தோடு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.